பழைய மென்பொருளும் புதிய கெர்னலும்: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியுடன் நின்றுபோனது. அதன் பிறகு இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிட்டது. எந்தக் கணினி வாங்கலாம் என்று இப்போது அதிகம் பேர் கேட்பதில்லை. இத்தனை வருடம் சோறு போட்ட மென்பொருளை இனி எதில் ஓட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் பெயர் புறக்கோட்டைக் கடைகளிலும் அடிபடத் தொடங்கியிருக்கிறது. ஆகவே இம்முறை எல்லாப் பக்கங்களையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். கெர்னல் என்று நான் சொல்வது, இயங்குதளத்தின் மையத்தில் நின்று சிப்பையும் நினைவகத்தையும் கோப்புகளையும் ஆளும் பகுதியை.

கேள்வி: நான்காம் குறுக்குத் தெருவில் சீனி, பருப்பு, வெங்காயம் மொத்த வியாபாரம். இருப்பு, கடன் பாக்கி, பில் எல்லாம் 1990-களில் எழுதிக் கொடுத்த கிளிப்பர் புரோகிராமில்தான். எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். இரண்டு கவுண்டர்களில் ஒரே நேரத்தில் பில் போடுகிறோம். கார்பன் பேப்பர் வைத்து டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரில் அடிக்கிறோம். புதிய விண்டோஸ் 11 கணினி இந்தப் புரோகிராமைத் திறக்கவே மறுக்கிறது. லினக்ஸ் போட்டால் ஓடும் என்று மகன் சொல்கிறார். உண்மையா?
(மொத்த வியாபாரி, கொழும்பு 11)

பதில்: ஓடும், ஐயா. ஆனால் லினக்ஸைப் போட்ட மாத்திரத்தில் ஓடிவிடாது. காரணத்தை விளங்கிக்கொண்டால் எந்த வழி நல்லது என்று நீங்களே முடிவெடுக்கலாம்.

உங்களுடையது, விண்டோஸுக்கு முந்திய டொஸ் இயங்குதளத்துக்காகக் கிளிப்பர் மொழியில் எழுதிய 16 பிட் நிரல் (பிட் எண்ணிக்கை என்பது சிப் ஒரே தடவையில் கையாளும் எண்ணின் அளவு). 1985-இல் வந்த இன்டெல் 386 சிப்பில் மெய்நிகர் 8086 என்றொரு ஏற்பாடு இருந்தது. பழைய நிரல் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓடும். பெரிய இயங்குதளம் பின்னால் நின்று அதைக் கட்டுப்படுத்தும். 32 பிட் விண்டோஸ் அந்த ஏற்பாட்டை வைத்துத்தான் உங்கள் புரோகிராமை இத்தனை காலம் ஓட்டியது. சிப் 64 பிட் முறையில் இயங்கும்போது அந்த ஏற்பாடு கிடைப்பதில்லை. 64 பிட் விண்டோஸ் எதிலும் டொஸ் நிரல் நேரடியாக ஓடாமல் போனதற்கு இதுவே அடிப்படை. விண்டோஸ் 11-க்கோ 32 பிட் பதிப்பே கிடையாது. லினக்ஸிலும் நிலைமை அதேதான். 32 பிட் கெர்னலில் டொஸ் நிரலுக்கென்றே விஎம்86 என்று ஒரு முறைமை அழைப்பு (நிரல் கெர்னலிடம் உதவி கேட்கும் வழி) உண்டு, 64 பிட் கெர்னலில் இல்லை.

அப்படியானால் எப்படி ஓடும்? இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, சிப்பையே மென்பொருளால் நடித்துக் காட்டும் டொஸ்பொக்ஸ். இரண்டாவது டொசெமு2. இது லினக்ஸ் கெர்னலில் உள்ள கே.வி.எம். வசதியைப் பயன்படுத்தி ஒரு சிறிய மெய்நிகர் இயந்திரத்தை (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியை) எழுப்பி, அதற்குள் அந்தப் பழைய 8086 முறையைத் திரும்பக் கொண்டுவருகிறது. உங்கள் கடைக்கு இரண்டாவதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

காரணம் பூட்டு. டொஸ் நிரல் இயங்குதளத்திடம் எதைக் கேட்டாலும் பெரும்பாலும் 'இன்டரப்ட் 21' என்ற ஒரே வாசலில்தான் கேட்கும்: கோப்பைத் திற, இத்தனை பைட் படி, இந்தப் பகுதியைப் பூட்டு. பூட்டுவதற்கான எண் 5சி. முதல் கவுண்டரில் ஒருவர் சீனி மூட்டையின் இருப்பைத் திருத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாவது கவுண்டரில் இருப்பவர் அதே பதிவில் கைவைக்காமல் காப்பது இந்த 5சி. டொசெமு2 அதை லினக்ஸ் கெர்னலின் கோப்புப் பூட்டாக மாற்றிக் கொடுக்கிறது. டொஸ்பொக்ஸை எழுதியவர்கள் விளையாட்டுகளை மனதில் வைத்து எழுதினார்கள். பலர் சேர்ந்து எழுதும் பேரேட்டை அதன்மேல் நம்பி வைக்கக் கூடாது.

இன்னொரு யோசனை. கோப்புகளை நெட்வேர்க்கில் பகிர்ந்து இரண்டு கணினிகளிலும் டொசெமு ஓட்டுவதை விட, ஒரே லினக்ஸ் கணினியில் இரண்டு கவுண்டருக்கும் தனித்தனியாக ஓட்டுங்கள். கவுண்டரில் உள்ள கணினி, நெட்வேர்க் மூலம் வேறொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். வழியாக அதற்குள் நுழைந்தால் போதும். டொசெமு எழுத்துத் திரையிலேயே ஓடும். அப்போது கோப்புகள் ஒரு கெர்னலை விட்டு வெளியே போவதில்லை. யாருக்குப் பூட்டு, யார் காத்திருக்க வேண்டும் என்பதை அந்த ஒரு கெர்னலே தீர்மானிக்கும். வியாபாரத்தைத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, இரண்டு கவுண்டரிலும் ஒரே பொருளின் இருப்பைத் திருத்திப் பாருங்கள். ஒன்று காத்திருக்க வேண்டும். இரண்டும் தாராளமாக எழுதினால் அந்த அமைப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

பிரின்டருக்கு வருவோம். புதிய கணினியில் பழைய அகலமான பெரலல் போர்ட் இருக்காது. யூஎஸ்பி முனையுள்ள பெரலல் கேபிள் பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் கேட்டால் கிடைக்கும்; லினக்ஸ் அதைச் சாதாரண பிரின்டராகவே கண்டுகொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: டொஸ் நிரல் அனுப்பும் பைட்டுகளை இடையில் எதுவும் தொடாமல் அப்படியே பிரின்டருக்கு விட வேண்டும். எப்சன் வகைப் பிரின்டர்களுக்கு 15 என்ற ஒரு பைட் போனால் எழுத்து நெருங்கி அடிக்கும். 18 போனால் பழைய அகலத்துக்குத் திரும்பும். உங்கள் பில்லில் பொருள், மூட்டை, கிலோ, விலை, தொகை எல்லாம் ஒரே வரியில் அடங்குவது அந்த 15-ஆல்தான். நடுவில் ஏதாவது மென்பொருள் அதை 'அழகுபடுத்தினால்' தொகை அடுத்த வரிக்குப் போய்விடும்.

டொஸ் நிரல்கள் விசை அழுத்தப்படும்வரை சிப்பைச் சுற்றிச் சுற்றி ஓட வைத்துக்கொண்டே இருக்கும். இதை அடக்க டொசெமுவில் ஓர் அமைப்பு இருக்கிறது. மகனிடம் சொல்லி அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சும்மா நிற்கும் கணினியும் சூடாகும், கரண்ட் பில்லும் ஏறும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு வேலை: டி.பி.எஃப். என்று முடியும் கோப்புகள் அனைத்தையும் பிரதி எடுத்து, இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் திறந்து பாருங்கள். உங்கள் கணக்கு முழுவதும் அங்கே அட்டவணையாகத் தெரியும். அந்தக் கோப்பு வடிவம் மிக எளிமையானது. முதல் பைட் வகையைச் சொல்லும், அடுத்த மூன்று பைட் கடைசியாகத் திருத்திய திகதி, அடுத்த நான்கு பைட் எத்தனை பதிவு என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு வெற்றிடம் இருக்கும். அழித்த பதிவாக இருந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி. கோப்பை யாரும் சுருக்காதவரை அழித்த கணக்கும் உள்ளேயே கிடக்கும். புரோகிராம் என்றோ ஒருநாள் நின்றாலும் இந்தக் கோப்புகள் உங்கள் கையில் இருந்தால் கடை நிற்காது.

கேள்வி: மருந்துக்கடையில் ஒரு பழைய பாஸ்கல் நிரல் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. லினக்ஸ் கெர்னல் இதைத் திருத்துமா?
(மருந்துக்கடை உரிமையாளர், தெமட்டகொடை)

பதில்: எந்தக் கெர்னலாலும் முடியாது. கோளாறு நிரலுக்குள்ளேயே இருக்கிறது. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்களில் பல, தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளக்கும்: 55 மில்லி செக்கனில் ஒரு வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். 1990-களின் பிற்பகுதியில் சிப்புகள் வேகமானபோது விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. சிப் அதை வகுத்தல் பிழை என்று அறிவித்தது, நிரல் நின்றது. டொஸ்பொக்ஸில் 'சைக்கிள்ஸ்' என்ற அமைப்பைக் குறைத்தால் சிப் மெதுவாக ஓடுவதுபோல் காட்டும், நிரல் திறந்துகொள்ளும். நீங்கள் ஒருவரே பயன்படுத்துவதால் முதல் பதிலில் சொன்ன பூட்டுப் பிரச்சினை உங்களுக்கு இல்லை, டொஸ்பொக்ஸ் போதும்.

கேள்வி: பயனர் நிரல்களை ஒருபோதும் உடைக்க மாட்டோம் என்பது லினக்ஸ் கெர்னலின் விதி என்று படித்தேன். பிறகு ஏன் 386 சிப்புக்கான ஆதரவையும் ஏ.அவுட் என்ற பழைய நிரல் கோப்பு வடிவத்தையும் நீக்கினார்கள்? மற்ற இயங்குதளங்களின் நிரல்களையும் கெர்னலே நேரடியாக ஓட்டினால் நல்லதல்லவா?
(பல்கலைக்கழக மாணவி, மொரட்டுவை)

பதில்: மகள், அந்த விதி யாருக்குக் கொடுத்த வாக்கு என்று பாருங்கள். இன்று ஓடிக்கொண்டிருக்கும் நிரல் நாளைய கெர்னலிலும் ஓட வேண்டும் என்பதே வாக்கு. யாருமே பயன்படுத்தாத ஒன்றை நீக்கினால் யாருடைய நிரலும் உடைவதில்லை.

386-ஐ எடுத்துக்கொள்வோம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே அந்தச் சிப்பில்தான். ஆனால் 486-இல் வந்த சில கட்டளைகள் 386-இல் இல்லை. அதைவிட முக்கியமாக, எழுதக் கூடாது என்று குறித்த பக்கத்தில் கெர்னலே எழுதப் போனால் 386 தடுக்காது. ஆகவே நினைவகப் பக்கங்களைப் பகிரும் இடங்களிலெல்லாம் அந்த ஒரு சிப்புக்காகத் தனிச் சோதனை வைக்க வேண்டியிருந்தது. 2013 பெப்ரவரியில் வெளியான 3.8 பதிப்பில் அதற்கு விடைகொடுத்தார்கள். ஏ.அவுட்டின் கதையும் இதுபோன்றதே. 1990-களின் நடுப்பகுதியிலேயே லினக்ஸ் உலகம் ஈ.எல்.எஃப். வடிவத்துக்கு மாறிவிட்டது. அதற்குப் பிறகும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டு, 2022-இல்தான் சாதாரணக் கணினிகளுக்கான கெர்னலிலிருந்து நீக்கினார்கள். அப்போதும் ஏ.அவுட் கோப்பை ஏற்றி ஓட்டும் ஒரு சிறு நிரலைக் கெர்னலுக்கு வெளியே எழுதிக் காட்டினார் கெர்னல் குழுவைச் சேர்ந்த ஒருவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையும் அதில் இருக்கிறது. வெளியே செய்யக்கூடியதைக் கெர்னலுக்குள் வைக்கக் கூடாது. கெர்னலுக்குள் ஒரு பிழை வந்தால் அது முழுக் கணினியின் பிழை. ஒருவரும் ஓட்டிப் பார்க்காத வரிகளில்தான் பிழைகள் கண்ணில் படாமல் கிடக்கும். லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியின் குழுவினர் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் பகுதியை 2016-இல் வந்த 6.0 பதிப்பில் முழுதாக எடுத்தெறிந்தார்கள். அதே குடும்பத்து ஃபிரீபிஎஸ்டி அதை வைத்திருக்கிறது, அங்கே அதைப் பயன்படுத்துபவர்களும் பராமரிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முடிவுகளையும் நான் மதிக்கிறேன். பராமரிக்க ஆள் இல்லாமல் வைத்திருப்பதைத்தான் ஏற்க முடியாது.

லினக்ஸ் பிடித்துக்கொண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன், 1993-இலிருந்து கெர்னலுக்கு வெளியே வளர்ந்து வருகிறது. வெளியில் நின்று செய்யவே முடியாத ஒன்று வரும்போது மட்டும் கெர்னல் ஒரு சிறு உதவி செய்கிறது. சில விண்டோஸ் விளையாட்டுகள் விண்டோஸின் நூலகங்களைக் கடந்து நேரே கெர்னலை அழைக்கின்றன. அந்த எண்கள் லினக்ஸ் கெர்னலுக்கு வேறு பொருள் தரும். ஆகவே 2021 பெப்ரவரியில் வந்த 5.11 பதிப்பில், ஒரு நிரல் செய்யும் முறைமை அழைப்புகளை அதே நிரலுக்குள் இருக்கும் வைனிடமே திருப்பிவிடும் வசதியைச் சேர்த்தார்கள். 2025 மார்ச்சில் வந்த 6.14-இல் என்டிசிங்க் சேர்ந்தது: ஒரே நேரத்தில் பல பூட்டுகளுக்குக் காத்திருக்கும் விண்டோஸ் பழக்கத்தை வேகமாகச் செய்து கொடுக்கும் ஒரு டிரைவர். விண்டோஸின் மற்றப் பழக்கவழக்கங்கள் எல்லாம் வெளியே, வைனில்.

கேள்வி: உரிமம் வாங்கிய பழைய பொறியியல் மென்பொருள், கெர்னல் பதிப்பு 2.6 அல்ல என்று சொல்லி நிறுவ மறுக்கிறது.
(சிவில் பொறியியலாளர், வெள்ளவத்தை)

பதில்: 'செட்ஆர்ச்' கட்டளையை 'யூநேம்-2.6' என்ற தெரிவுடன் கொடுத்து அதன் கீழ் நிறுவுங்கள். 2011-இல் பதிப்பெண் 2.6-இலிருந்து 3.0-க்குத் தாவியபோது இப்படிப்பட்ட நிரல்களுக்காகவே சேர்த்தது. 6.12 கெர்னல் அந்த நிரலிடம் மட்டும் தன்னை 2.6.72 என்று அறிவித்துக்கொள்ளும்.

கேள்வி: கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் ஸ்கோ யூனிக்ஸ் கணினியைப் பராமரித்து ஓய்வுபெற்றவன். அதன் நிரல்கள் லினக்ஸில் ஓடிய காலம் ஒன்று இருந்தது. ஐபிசிஎஸ் என்ற மொடியூலைப் போடுவோம். இப்போதைய கெர்னலில் அது ஏன் இல்லை? பழைய கணக்குகளைப் பார்க்க அந்த நிரல் இன்னும் தேவைப்படுகிறதாம். என்னைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.
(ஓய்வுபெற்ற கணினி அதிகாரி, பொரளை)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் நிறைந்தது. யோர்க் தெரு அலுவலகம் ஒன்றில் பச்சை எழுத்துத் திரைகள் வரிசையாக நிற்க, ஒரே ஒரு ஸ்கோ கணினி அவ்வளவு பேருக்கும் வேலை செய்து கொடுத்ததை நானும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு உழைத்த இயந்திரங்கள் அவை!

ஐபிசிஎஸ் என்ன செய்தது என்பதை இளம் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். யூனிக்ஸ் என்பது லினக்ஸுக்கு முன்மாதிரியான பழைய இயங்குதளக் குடும்பம், ஸ்கோ அதில் ஒன்று. மொடியூல் என்பது கெர்னலில் வேண்டும்போது மாட்டும் துண்டு. இன்டெல் சிப்பில் ஓடிய யூனிக்ஸ்கள் ஒன்றின் நிரலை மற்றொன்று ஓட்டவேண்டும் என்பதற்காக எழுந்த தரம் ஐபிசிஎஸ். ஸ்கோ நிரல் கெர்னலை அழைக்க 'எல்கோல் 7' என்ற வாயில் வழியாக வரும். லினக்ஸ் நிரலோ 'இன்டரப்ட் 80' வழியாக வரும். மொடியூல் அந்த 7-ஆம் வாயிலில் நின்று வரவேற்று, கேட்டதை லினக்ஸ் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும்.

மாற்றுவது இலேசான வேலை அல்ல. கெர்னல் நிரலுக்கு அனுப்பும் செய்திகளான சிக்னல்களின் எண்களைப் பாருங்கள். ஸ்கோ பின்பற்றிய யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்தில் 18 என்றால் பிள்ளைச் செயல்முறை (நிரல் தானே தொடங்கிவிட்ட இன்னொரு நிரல்) முடிந்தது என்ற செய்தி. லினக்ஸில் அதற்கு 17, 18 என்றால் நின்ற செயல்முறை தொடரட்டும். அங்கே 19 என்றால் மின்சாரம் போகப்போகிறது, தரவைக் காப்பாற்றிக்கொள் என்ற எச்சரிக்கை; இங்கே 19 என்றால் உடனே நில், மறுபேச்சில்லை. ஒரு எண்ணை மாற்ற மறந்தால், கோப்புகளை எழுதி மூடவேண்டிய நேரத்தில் நிரல் உறைந்து நின்றுவிடும். பிழை எண்களிலும் இதே வேறுபாடு: லினக்ஸில் அப்படியொரு அழைப்பே இல்லை என்பதற்கு 38, அங்கே 89.

லினக்ஸ் கெர்னலின் முதன்மைத் தொகுப்பில் அந்த மொடியூல் ஒருபோதும் சேரவில்லை, வெளியிலிருந்தே பராமரித்தார்கள். அதற்குக் கொக்கி மாட்டும் இடம் மட்டும் கெர்னலில் இருந்தது. யாரும் மாட்டாத கொக்கி என்று 2015-இல் வந்த 4.1 பதிப்பில் அதையும் கழற்றிவிட்டார்கள். இன்றைக்கும் 'புரொக்' அடைவில் 'எக்செக்டொமெயின்ஸ்' என்ற கோப்பைத் திறந்தால் லினக்ஸ் என்று ஒரே ஒரு வரி இருக்கும். முன்பு அங்கே மற்ற யூனிக்ஸ்களின் பெயர்களும் வரிசையாக வரும்.

அதை எடுத்ததற்காக நான் வருந்தவில்லை. பிறர் பழக்கத்தைக் கெர்னலுக்குள் வைத்திருப்பதற்கு விலை உண்டு. சிஸ்டம் ஐந்தில் நினைவகத்தின் பூச்சிய முகவரிப் பக்கம் படிக்கக் கிடைக்கும். அதை நம்பிய பிழையான நிரல்கள் சில இருந்ததால், அப்படிக் கேட்கும் நிரலுக்கு லினக்ஸும் அந்தப் பக்கத்தைக் கொடுத்தது. பூச்சிய முகவரியைத் தன் கையில் வைத்திருக்கும் தாக்குநர், கெர்னலின் சிறு பிழையையும் முழு அதிகாரமாக மாற்றிக்கொள்ளலாம் என்பதால் 2007-இல் அந்த முகவரிக்குத் தடை போட்டார்கள். 2009-இல் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? இந்தப் பழைய சலுகையைக் கேட்டுவிட்டு உயர் அதிகார நிரல் ஒன்றைத் தொடங்கினால் சலுகை அழியாமல் கூடவே போகிறது, தடை உடைகிறது. யாருக்கும் நினைவில்லாத ஒரு சலுகை, எல்லோருடைய கணினிக்கும் ஓட்டையானது.

உங்களுக்குச் செய்யக்கூடியது: பழைய வட்டை முழுதாகப் பிரதி எடுத்து, ஸ்கோவையே ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓட்டுங்கள். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஎமுவில் பழைய ஐ.டி.இ. வட்டும் பழைய நெட்வேர்க் அட்டையும் தேர்ந்தெடுக்கலாம். வெளி நெட்வேர்க்கோடு அதை இணைக்காதீர்கள். நிறுவனத்திடம் உரிமப் பத்திரம் இருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் நிறுவ முயன்றால் பாதி வழியில் நிற்க வேண்டிவரும்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் அச்சகம். கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் கல்வெட்டு (நினைவுப் புத்தகம்) எல்லாம் விண்டோஸ் 3.1 காலத்து மென்பொருளில் பாமினி எழுத்துருவில் செய்தவை. பழைய கல்வெட்டைத் திருத்தித் தரும்படி குடும்பத்தார் வருகிறார்கள். வைனில் திறக்குமா?
(அச்சக உரிமையாளர், கொழும்பு 13)

பதில்: திறக்க வாய்ப்பு மிக அதிகம். வைன் தொடங்கியதே விண்டோஸ் 3.1 நிரல்களை ஓட்டத்தான். டொஸைப் போல் இதற்கு மெய்நிகர் 8086 தேவையில்லை. 64 பிட் சிப்பிலும் 16 பிட் நினைவகப் பகுதிகளை அமைத்து இவ்வகை நிரல்களை ஓட்டலாம். கெர்னலிடம் வைன் கேட்பது அந்தப் பகுதிகளை அமைக்கும் அனுமதி மட்டும்.

அந்த அனுமதியும் ஒருமுறை பறிபோனது. 16 பிட் நிரலுக்குத் திரும்பும்போது சிப் அடுக்கு (நிரல் தற்காலிகமாகத் தரவை வைக்கும் இடம்) முகவரியின் கீழ் 16 பிட்டை மட்டும் மாற்றி, மேல் பகுதியை அப்படியே விட்டுவிடுகிறது. அதில் கெர்னலின் இரகசிய முகவரி கசிகிறது என்று 2014-இல் தெரிந்தவுடன், 64 பிட் கெர்னலில் 16 பிட் பகுதிகளையே தடைசெய்தார்கள். வைன் பயனர்கள் குரல் எழுப்பினார்கள், தங்கள் பழைய நிரல்கள் நின்றுவிட்டன என்று. பாதுகாப்பு முக்கியம், போங்கள் என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் கெர்னல் குழுவைச் சேர்ந்த எச். பீட்டர் அன்வின், கசிவையும் அடைத்து நிரல்களையும் ஓடவைக்கும் ஒரு நுட்பமான வழியை எழுதினார். அதே வருடம் 3.16 பதிப்பில் அது சேர்ந்தது, தடை நீங்கியது. கெர்னலை எழுதுகிறவர்களைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். சிப் செய்யும் தவறுக்கு, கொழும்பில் ஓர் அச்சகத்தின் பழைய மென்பொருள் பலியாகக் கூடாது என்பதற்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

பாமினி எழுத்துருக் கோப்பை வைனின் எழுத்துரு அடைவில் போட மறக்காதீர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாவிட்டால் 'அம்மா' என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று திரையில் நிற்கும். திறந்தவுடன் ஒவ்வொரு கல்வெட்டின் வாசகத்தையும் யூனிகோடுக்கு மாற்றி வேறாகச் சேமியுங்கள். இறந்தவர்களின் வாழ்க்கை வரலாறும் வம்சாவளியும் வேறெங்கும் எழுதி வைக்கப்படாத குடும்பங்கள் நம்மில் எத்தனை! தேவாரம், ஒப்பாரி, நன்றி நவிலல் ஆகியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வம்சாவளிப் பக்கத்தை முதலில் மாற்றுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளரின் சென்டோஸ் 6 கன்டெய்னர் புதிய சேர்வரில் தொடங்கியவுடன் 139 என்ற எண்ணோடு செத்துப்போகிறது. பழைய சேர்வரில் நன்றாக ஓடியது.
(மென்பொருள் பொறியியலாளர், கொழும்பு 3)

பதில்: 139 என்பது 128-உடன் சிக்னல் எண் 11-ஐக் கூட்டியது, அதாவது நினைவகத்தை மீறியதால் கெர்னல் நிறுத்திய நிரல். சென்டோஸ் 6 என்பது ஒரு பழைய லினக்ஸ் விநியோகம் (கெர்னலையும் நிரல்களையும் சேர்த்துத் தரும் தொகுப்பு), கன்டெய்னர் என்பது அதன் நிரல்களைக் கட்டி வைத்த பெட்டி. கன்டெய்னரில் பழைய நிரல் இருந்தாலும் கெர்னல் உங்கள் புதிய சேர்வருடையதுதான் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காலத்து சி நூலகம் நேரத்தைக் கேட்பதற்கு 'விசிஸ்கோல்' என்ற பக்கத்துக்குப் போகும். அந்தப் பக்கம் எல்லா நிரலுக்கும் ஒரே முகவரியில் இருந்ததால் தாக்குநருக்கு வசதியாகிப்போனது. பல விநியோகங்கள் அதை மூடிவிட்டன. கெர்னல் பதிவில் விசிஸ்கோல் என்ற சொல்லோடு எச்சரிக்கை இருந்தால் காரணம் இதுவே. கணினி தொடங்கும்போது கெர்னலுக்கு விசிஸ்கோல் சமம் எமுலேட் என்று கொடுத்தால் ஓடும். அதை அந்த ஒரு சேர்வரில் மட்டும் செய்யுங்கள். சென்டோஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30-ஆம் திகதியே முடிந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் இதை எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: 2038-இல் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று பிள்ளைகள் வந்து சொல்கிறார்கள். என்ன விளக்கம் கொடுப்பது?
(ஆசிரியை, பம்பலப்பிட்டி)

பதில்: எல்லாம் நிற்காது, ரீச்சர். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் நேரத்தை 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த செக்கன்களாக எண்ணுகின்றன. அதை 32 பிட்டில் வைத்திருக்கும் நிரலுக்கு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இலங்கை நேரம் காலை 8.44-க்கு மேல் 7 செக்கன் வரைதான் இடம் உண்டு. அடுத்த செக்கனில் அது 1901 டிசம்பருக்குப் போய்விடும். 64 பிட் நிரல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 32 பிட் கணினிகளுக்கும் புதிய நேர அழைப்புகளை லினக்ஸ் கெர்னல் சேர்த்துக்கொண்டது. 2020 மார்ச்சில் வந்த 5.6-இல் அந்த வேலை நிறைவுக்கு வந்தது. ஆனால் பழைய அழைப்புகளையும் வைத்திருக்கிறது, பழைய நிரல் அவற்றைத்தான் கேட்கும் என்பதால். பழைய நிரலை அதன் மூலநிரலிலிருந்து (நிரலாளர் எழுதிய வரிகளிலிருந்து) மீண்டும் தொகுத்தால்தான் புதிய அழைப்பு கிடைக்கும்.

2038 வரை காத்திருக்கவும் தேவையில்லை. பதினைந்து வருட வீட்டுக் கடனுக்கு இன்றே முதிர்வுத் திகதி கணக்கிடுகிறார்கள். பிள்ளைகளின் பெற்றோரில் யாராவது அப்படிப்பட்ட பழைய நிரலில் வேலை செய்தால், பரீட்சார்த்தமாக 2038 பெப்ரவரி 1 என்று ஒரு திகதியைப் பதிந்து பார்க்கச் சொல்லுங்கள். திரையில் 1901 வந்தால், நிரலின் மூலநிரல் யாரிடம் இருக்கிறது என்று அன்றே விசாரிக்கத் தொடங்க வேண்டும்.